பதவியில் இருக்கும் அதிபரைச் சட்டப்படி நீக்குவது: தென்கொரியாவில் முடிந்தது, மற்ற இடங்களில் எங்கே சிக்குகிறது?

வடமராட்சி வாசகன்

வணக்கம். எங்கள் வாசிகசாலையில் நடக்கும் அரசியலமைப்புக் கலந்துரையாடலுக்காகக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறேன். பதவியில் இருக்கும் ஜனாதிபதியைச் சட்டப்படி நீக்குவதுதான் தலைப்பு.

தென்கொரியாவில் யூன் சுக் இயோல் 2024 டிசம்பர் 3 இரவு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். 2025 ஏப்ரல் 4 அன்று பதவி போய்விட்டது. அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் மீது 2 தடவை குற்றப் பிரேரணை நிறைவேறியது, 2 தடவையும் தப்பிவிட்டார். இலங்கையில் அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை 1978இல் இருந்து இருக்கிறது. அதன்படி ஒருவர்கூட நீக்கப்படவில்லை.

மூன்று நாட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்றுதானே எழுதியிருக்கிறது? அப்படியானால் எந்தப் படியில் வித்தியாசம் வருகிறது? வாக்கெடுப்புக்குப் பிறகு யார் என்ன செய்ய வேண்டும், எங்கே இழுபடும் என்று தெரிந்தவர்கள் விளங்கப்படுத்தினால் பெரிய உதவி. மக்கள் போராட்டம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். நான் கேட்பது எழுத்தில் இருக்கும் ஏற்பாடுகளைப் பற்றி மட்டும்தான்.

செங்கோல்82

மூன்றில் இரண்டு பங்கு எல்லா இடத்திலும் இருக்கிறது, உண்மைதான். அது எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். கொரியாவில் அது வழக்கைத் தொடுப்பதற்கான வாக்கு. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். அமெரிக்காவில் வழக்கைத் தொடுக்கப் பிரதிநிதிகள் சபையின் சாதாரணப் பெரும்பான்மை போதும், தீர்ப்புக்குத்தான் செனட்டில் மூன்றில் இரண்டு வேண்டும். இலங்கையில் வழக்கை அனுப்பவும் அதே அளவு, நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன பிறகு நீக்கவும் மறுபடி அதே அளவு. பாதி விடை இங்கேயே இருக்கிறது. கொரியாவை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் எழுதட்டும்.

அடிப்படை அந்த நாட்டு அரசியலமைப்பின் 65ஆம் பிரிவு. பணியைச் செய்கையில் அரசியலமைப்பையோ வேறு சட்டத்தையோ மீறினால் தீர்மானம் கொண்டுவரலாம். தேசியப் பேரவையில் 300 இடங்கள். அதிபர் மீது என்றால் முன்மொழிய 151 பேர், நிறைவேற்ற 200 பேர். அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று கணக்கில்லை, மொத்த உறுப்பினர்களில்தான் கணக்கு. பிரதமர், அமைச்சர், நீதிபதி போன்றோர் என்றால் முன்மொழிய 100, நிறைவேற்ற 151.

அடுத்தது கடிகாரம். தீர்மானம் அவையில் அறிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் ரகசிய வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் தீர்மானம் செத்துப்போகும். சபாநாயகர் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்க இடமில்லை. வாக்கு ரகசியம் என்பதால் கட்சிக் கொறடாவுக்கும் யார் எப்படிப் போட்டார் என்று தெரியாது.

இந்த ரகசிய வாக்கையும் முறியடிக்க ஒரு வழி உண்டு, அது டிசம்பர் 7 அன்று நடந்தது. ஆளுங்கட்சியினர் கிட்டத்தட்ட எல்லோரும் வாக்களிக்காமல் வெளியேறினார்கள். 195 வாக்குகள்தான் விழுந்தன. 200க்குக் குறைவு என்பதால் எண்ணவே இல்லை. உள்ளே போனால் ரகசியம், வெளியே நின்றால் யார் நின்றார் என்பது ஊருக்கே தெரியும், கட்சித் தலைமைக்கு அது போதும். ஒரே கூட்டத்தொடரில் தோற்ற தீர்மானத்தை மறுபடி கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தொடர் சில நாட்களில் முடிந்து, சிறப்புக் கூட்டத்தொடர் தொடங்கியது. டிசம்பர் 14 அன்று 300 பேரும் வாக்களித்தார்கள். ஆதரவு 204, எதிர்ப்பு 85, வாக்களிப்பில் விலகல் 3, செல்லாதவை 8. எதிர்க்கட்சிகளின் பலம் 192. ஆளுங்கட்சியில் இருந்து குறைந்தது 12 பேராவது ஆதரித்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருவோம். தீர்மானத்தின் நகல் அதிபர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நொடியில் அவருடைய அதிகாரம் நிறுத்திவைக்கப்படும். படை, காவல்துறை, நியமனங்கள், நிதி எதையும் தொட முடியாது. பிரதமர் பொறுப்பு அதிபர் ஆவார். விசாரணை நடக்கும் காலத்தில் சாட்சிகள் மீதும் விசாரணை அதிகாரிகள் மீதும் அவருக்கு மேலாண்மை இல்லை. என் பார்வையில் மற்ற எல்லா ஏற்பாடுகளையும் விட இந்த ஒரு வரிதான் கொரிய முறையைத் தாங்கி நிற்கிறது.

வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போகும். பேரவையின் சட்டக் குழுத் தலைவர்தான் வழக்குத் தொடுப்பவர். நீதிபதிகள் 9 பேர்: 3 பேரைப் பேரவை தேர்ந்தெடுக்கும், 3 பேரைத் தலைமை நீதிபதி, 3 பேரை அதிபர். நீக்க 6 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். வழக்கைக் கேட்க 7 பேர் இருக்க வேண்டும். 180 நாட்களுக்குள் தீர்ப்பு.

இந்த முறை உடையப் பார்த்ததும் இங்கேதான். 2024 அக்டோபரில் 3 நீதிபதிகளின் காலம் முடிந்தது, இடங்கள் நிரப்பப்படவில்லை. மிச்சம் 6 பேர், அதாவது வழக்கைக் கேட்கவே ஆள் போதாது. 7 பேர் வேண்டும் என்ற விதியை நீதிமன்றமே இடைக்கால உத்தரவால் நிறுத்திவைத்தது, அதனால்தான் கதவு திறந்திருந்தது. ஆனாலும் 6 பேரில் 6 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மறுத்தால் அதிபர் திரும்பிவிடுவார். பொறுப்பு அதிபர் ஹான் டக் சூ, பேரவை தேர்ந்தெடுத்த 3 பேரை நியமிக்க மறுத்தார். டிசம்பர் 27 அன்று 192 வாக்குகளில் அவர் மீதும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்துப் பொறுப்பேற்ற சோய் சாங் மோக், டிசம்பர் 31 அன்று 2 பேரை நியமித்தார், ஒருவரை விட்டுவிட்டார். அப்படித்தான் 8 பேர் ஆனார்கள். மூன்றாமவரை நியமிக்காதது பேரவையின் உரிமையை மீறிய செயல் என்று 2025 பிப்ரவரி 27 அன்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அப்போதும் நியமனம் உடனே வரவில்லை.

பொறுப்பு அதிபரை நீக்க 200 வேண்டுமா 151 போதுமா என்று அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. சபாநாயகர் 151 என்றார். பின்னாளில் நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் அதையே ஏற்றது, ஆனால் மார்ச் 24 அன்று ஹான் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்து அவரைப் பதவிக்குத் திருப்பியது. நீங்கள் குறிப்பு எழுதும்போது இந்த ஓட்டையைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

விசாரணையில் நடந்த இழுபறிகள்: யூன் தரப்பு நீதிமன்ற ஆவணங்களை வாங்கவே மறுத்தது. இருப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்த டிசம்பர் 20ஆம் தேதியே அவை சட்டப்படி கையளிக்கப்பட்டதாகக் கருதுவோம் என்று நீதிமன்றம் அறிவித்தது. ஜனவரி 14 முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை, 4 நிமிடத்தில் அமர்வு முடிந்தது. அடுத்த தடவையும் வராவிட்டால் அவர் இல்லாமலேயே நடத்தலாம் என்று சட்டம் சொல்வதால் அந்த உத்தி அதோடு தீர்ந்தது. பிப்ரவரி 25 வரை 11 அமர்வுகள்.

பேரவை வழக்கறிஞர்கள் எடுத்த ஒரு முடிவு மிக முக்கியமானது. கிளர்ச்சி என்ற குற்றவியல் சட்டப் பிரிவை இங்கே நிரூபிக்கப் போவதில்லை, அதே செயல்களை அரசியலமைப்பு மீறலாக மட்டும் வாதிடுகிறோம் என்றார்கள். குற்றவியல் தரத்தில் சாட்சியம் தேடினால் ஆண்டுக்கணக்கில் போகும். நீதிமன்றம் அதை ஏற்று 5 விஷயங்களை மட்டும் ஆராய்ந்தது: இராணுவச் சட்டப் பிரகடனம், அதன் முதல் ஆணை, பேரவைக்குள் படை அனுப்பியது, தேர்தல் ஆணையத்தில் படை நுழைந்தது, அரசியல்வாதிகளையும் நீதித்துறையினரையும் தேடிப் பிடிக்க முயன்றது. ஏப்ரல் 4 காலை 11:22க்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது, 8க்கு 0. வாசித்த கணமே பதவி போனது. மேல்முறையீடு கிடையாது. 60 நாட்களுக்குள் தேர்தல் என்பதால் ஜூன் 3 அன்று வாக்குப்பதிவு நடந்தது.

ஆவணக்காரர்

செங்கோல் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பதவிநீக்க வழக்கும் குற்ற வழக்கும் கொரியாவில் இரண்டு தனித் தண்டவாளங்கள். பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்ற வழக்கு போட முடியாது, கிளர்ச்சியும் தேசத்துரோகமும் மட்டும் விலக்கு (84ஆம் பிரிவு). அதனால்தான் யூனைப் பதவியில் இருக்கும்போதே கைது செய்ய முடிந்தது. ஜனவரி 3 முதல் முயற்சியை அதிபர் பாதுகாப்புப் பிரிவு தடுத்தது, 15ஆம் தேதி கைது, 26ஆம் தேதி குற்றப்பத்திரிகை. மார்ச் 7 அன்று காவல் ரத்தானது. காவல் காலத்தை நாட்களாக எண்ணுவதா மணிகளாக எண்ணுவதா என்ற தகராறில், கெடு முடிந்த பிறகே குற்றப்பத்திரிகை தாக்கலானது என்று நீதிமன்றம் கண்டது. ஜூலை 10 மறுபடி கைது. பெரிய மனிதர் வழக்கில் இந்த மாதிரிச் சில மணி நேரப் பிசகுகளைத்தான் எதிர்த்தரப்பு தேடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்கா. அங்கே மூன்று இடத்தில் அடைப்பு.

முதலாவது, தீர்ப்புச் சொல்பவர்கள் 100 செனட்டர்கள். எல்லோரும் வந்திருந்தால் 67 வேண்டும். பெயர் சொல்லி அழைத்து, எழுந்து நின்று "குற்றவாளி", "குற்றமற்றவர்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுத்த கட்சி உள்தேர்தலில் அதே வாக்கு அவருக்கு எதிராக வந்து நிற்கும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் 35க்கு 19 என்று ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1999இல் பில் கிளிண்டன் மீதான இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு 45உம் 50உம்தான் விழுந்தன. டிரம்ப் 2020 பிப்ரவரியில் 48க்கு 52, 47க்கு 53 என்று தப்பினார். 2021 பிப்ரவரி 13 அன்று 57க்கு 43, அவருடைய சொந்தக் கட்சியில் 7 பேர் எதிராக வாக்களித்தும் 10 குறைந்தது. இதுவரை செனட் நீக்கிய 8 பேரும் நீதிபதிகள்.

இரண்டாவது, விசாரணை நடக்கும்போதும் அதிபர் முழு அதிகாரத்தோடு இருப்பார். 2019 விசாரணையில் வெள்ளை மாளிகை ஆவணங்களைத் தர மறுத்தது, அதிகாரிகளைச் சாட்சி சொல்லப் போகவேண்டாம் என்றது. நீதிமன்றத்துக்குப் போய் வாங்க நேரம் ஆகும் என்று பிரதிநிதிகள் சபை அதை விட்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபர் நிக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூலை 24 அன்று ஒலிநாடாக்களைக் கொடு என்று உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார். முழு அவை வாக்கெடுப்பே தேவைப்படவில்லை, ஆவணம் கைக்கு வந்ததே போதுமாக இருந்தது.

மூன்றாவது, பதவியை விட்டபின் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம். 2021இல் டிரம்பைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த பலரும் இதைத்தான் சொன்னார்கள், அவர் பதவியில் இல்லையே, இனிச் சாதாரண நீதிமன்றம் இருக்கிறதே என்று. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று பிரிந்து, அதிபரின் அடிப்படை அரசியலமைப்பு அதிகாரங்களுக்குக் குற்ற வழக்கில் இருந்து முழுப் பாதுகாப்பு, மற்ற அலுவல் செயல்களுக்குக் குறைந்தது முன்னனுமானப் பாதுகாப்பு (அரசுத் தரப்பு முறியடிக்கும்வரை உண்டு என்று கருதப்படுவது) என்று தீர்த்தது. நவம்பரில் அவர் மறுபடி வென்றதும், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதி அமைச்சின் பழைய கொள்கையைக் காட்டி மத்திய வழக்குகள் கைவிடப்பட்டன. ஒரு கதவு இன்னொரு கதவைக் காட்டுகிறது, அந்தக் கதவு முதல் கதவைக் காட்டுகிறது. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

இன்னொரு நுணுக்கம்: மறுபடி பதவி வகிக்கத் தடை விதிப்பது தனி வாக்கு, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் முதலில் 67 கிடைத்துக் குற்றவாளி என்று ஆகியிருக்க வேண்டும்.

மதுரை மல்லிகா

இந்தியாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குடியரசுத் தலைவருக்கு 61ஆம் பிரிவு இருக்கிறது: ஓர் அவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்து, 14 நாள் முன்னறிவிப்பு, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு, பிறகு மற்ற அவை விசாரித்து அதே அளவில் நிறைவேற்ற வேண்டும். இதுவரை பயன்பட்டதில்லை. உண்மையான அதிகாரம் உள்ள பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் பதவிநீக்க விசாரணை என்ற ஒன்றே இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம்தான், அதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை, குற்றம் நிரூபிக்கவும் தேவையில்லை.

ஆகவே இங்கே பொறுப்புக்கூறல் தகுதியிழப்பு வழியாக வருகிறது. 2001இல் ஜெயலலிதா தண்டனை பெற்றுத் தேர்தலில் நிற்கத் தகுதி இல்லாத நிலையில் முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று தீர்த்தது. 2013 ஜூலை 10 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு, 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்காமல் உறுப்பினர் பதவி உடனே போகும். ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 பெங்களூரு சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு, 4 ஆண்டு சிறை, 100 கோடி அபராதம்; அன்றே முதலமைச்சர் பதவி போனது. அடுத்த மே மாதம் உயர் நீதிமன்றம் விடுவித்தது, பதவி திரும்பியது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டபோது அவர் உயிரோடு இல்லை. வழக்கு தொடங்கியது 1990களில். காலக்கெடு இல்லாத சட்டம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் வந்த 130ஆவது திருத்த மசோதாவையும் கவனியுங்கள். 5 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் 31ஆம் நாள் பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் பதவி போகும் என்கிறது. தண்டனை அல்ல, கைதே போதும். கைது செய்யும் நிறுவனம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் மாநில முதலமைச்சரின் பதவியும் போய்விடும். கொரியாவில் அதிகாரத்தை நிறுத்திவைப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட 200 பேரின் வாக்கு. இங்கே அது ஒரு புலனாய்வு அதிகாரியின் கையெழுத்தும் பிணை மறுக்கும் ஓர் உத்தரவும். இரண்டையும் ஒன்று போலப் பேசக்கூடாது.

புதுக்கடை

தம்பி, 38ஆம் உறுப்புரையை வாசிகசாலையில் வாசிக்கும்போது கையில் எண்களோடு வாசியுங்கள்.

குற்றச்சாட்டுகள் இவை: வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், பதவி அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்த ஊழல் அல்லது துர்நடத்தை, ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றம். இவற்றுக்கு வெளியே, உடல் அல்லது உள நலிவால் நிரந்தர இயலாமை. 225 பேரில் 150 பேர் கையொப்பமிட்டால் சபாநாயகர் ஏற்க வேண்டும். 113 பேர் மட்டும் கையொப்பமிட்டால், விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு 150 வாக்கு. பிறகு உயர் நீதிமன்ற (இலங்கையில் இதுதான் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்) விசாரணை. நீதிமன்றம் குற்றவாளி என்று அறிக்கை தந்தால் மறுபடி 150 வாக்கு. நீதிமன்றம் குற்றமில்லை என்றால் கதை முடிந்தது. குற்றம் என்றால் மட்டும் முடியாது, 76 பேர் வாக்களிக்காமல் வீட்டில் இருந்தாலே போதும், ஜனாதிபதி தொடர்வார்.

கொரியாவோடு ஒப்பிட்டால் இல்லாதவை மூன்று. அதிகாரத்தை நிறுத்திவைத்தல் இல்லை. நீதிமன்றத்துக்குக் காலக்கெடு இல்லை. சபாநாயகருக்கும் காலக்கெடு இல்லை.

சபாநாயகரின் இடம் எவ்வளவு பெரியது என்று 1991 காட்டியது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் முன்னின்று ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணையைக் கொடுத்தார்கள். சபாநாயகர் எம்.எச். முகம்மது முதலில் ஏற்றுக்கொண்டார். ஆகஸ்ட் இறுதியில் ஜனாதிபதி கூட்டத்தொடரை இடைநிறுத்தினார். பிரேரணையை ஏற்றபின் நாடாளுமன்றத்தைக் கலைக்கக்கூடாது என்று அன்றைய வாசகம் தடுத்தது. இடைநிறுத்துவதை அது தடுக்கவில்லை. அந்த வாரங்களில் உறுப்பினர்கள் தனித்தனியே சந்திக்கப்பட்டார்கள், கையொப்பங்கள் குறித்துச் சர்ச்சை எழுந்தது. செல்லுபடியாகும் கையொப்பம் போதாது என்று அக்டோபரில் சபாநாயகர் நிராகரித்தார். உயர் நீதிமன்றம் வரை போகவே இல்லை. திருத்தம் எழுதுபவர்கள் முதலில் எழுத வேண்டிய வரி: பிரேரணை கையளித்த பின் கலைப்பும் கூடாது, இடைநிறுத்தமும் கூடாது, கொடுத்த கையொப்பத்தைத் திரும்பப் பெறவும் கூடாது.

இன்னொரு விடயம் யாரும் கவனிப்பதில்லை. கொரியாவில் அதிபர் போனால் 60 நாட்களில் மக்கள் வாக்களிப்பார்கள். இங்கே இடையில் வெற்றிடம் வந்தால் மிகுதிக் காலத்துக்கான ஜனாதிபதியை நாடாளுமன்றமே தன் உறுப்பினர்களில் இருந்து தெரிவு செய்யும். 2022 ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் தெரிவானது அப்படித்தான். நீக்குபவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் என்றால் ஒவ்வொரு வாக்குக்கும் பேரம் நடக்கும். கோட்டாபய ராஜபக்ஷ 14ஆம் திகதி பதவி விலகியது வீதியின் அழுத்தத்தால், 38ஆம் உறுப்புரை அங்கே தொடப்படவே இல்லை.

இலங்கையில் ஜனாதிபதியின் செயலைக் கட்டுப்படுத்தியது வேறு வழி: அடிப்படை உரிமை மனு. 2018 நவம்பர் 9 மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 13ஆம் திகதி இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13 அன்று 7 நீதியரசர்கள் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். 34 நாட்கள். 2023 நவம்பர் 14 அன்று பொருளாதார நெருக்கடி வழக்கில் ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆனால் விளைவு மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. ஒரு நாடே வரிசையில் நின்ற பிறகு இவ்வளவுதான் என்பது எனக்கு வலிக்கிறது, எனினும் பெயர் சொல்லிப் பொறுப்பு சுமத்திய பதிவு அது.

வடமராட்சி வாசகன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. புதுக்கடை அண்ணா, இடைநிறுத்தம் பற்றிய விடயம் எனக்குப் புதிது. ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. நீக்குவதைச் சுலபமாக்கினால், பெரும்பான்மை உள்ள எதிர்க்கட்சி தனக்குப் பிடிக்காத ஜனாதிபதியை எல்லாம் நீக்கப் பார்க்காதா? கொரியாவில் அதற்கு என்ன தடுப்பு?

செங்கோல்82

தடுப்பு 2004இல் வந்தது. மார்ச் 12 அன்று அப்போதைய அதிபர் ரோ மூ ஹியூன் மீது 193க்கு 2 என்று தீர்மானம் நிறைவேறியது. முக்கியக் குற்றச்சாட்டு, தேர்தலில் நடுநிலை தவறித் தனக்கு நெருக்கமான கட்சிக்கு ஆதரவாகப் பேசியது. ஆமாம், சட்டத்தை மீறினார் என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் மக்கள் கொடுத்த ஆணையைப் பறிக்கும் அளவுக்கு அந்த மீறல் கனமானதா என்று கேட்டு, இல்லை என்று மே 14 அன்று தள்ளுபடி செய்தது. அன்றிலிருந்து இரண்டு கேள்விகள்: மீறல் உண்டா? உண்டென்றால் நீக்கும் அளவுக்குக் கனமா? 2017 மார்ச் 10 அன்று பார்க் கியூன் ஹையை 8க்கு 0 என்று நீக்கியபோதும், யூனை நீக்கியபோதும் இந்த இரண்டையும் தனித்தனியே எடைபோட்டார்கள். ரோ வழக்குக்கு நடுவே ஏப்ரலில் பொதுத்தேர்தல் வந்தது, தீர்மானம் கொண்டுவந்த கட்சிகளை வாக்காளர்கள் தண்டித்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தடுப்பு இல்லாத இடத்துக்குப் பெருவைப் பாருங்கள். அங்கே 113ஆம் பிரிவில் "நிரந்தர ஒழுக்க இயலாமை" என்று ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு வரையறை இல்லை, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றமும் இல்லை. 130 பேர் கொண்ட காங்கிரஸில் 87 வாக்கு விழுந்தால் அதிபர் அன்றே வெளியே. 2020 நவம்பரில் மார்ட்டின் விஸ்காரா 105 வாக்குகளில் போனார். அடுத்து வந்தவர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. 2022 டிசம்பர் 7 அன்று பெட்ரோ காஸ்டியோ 101 வாக்குகளில் போனார், அவர் அன்று காங்கிரஸைக் கலைக்க முயன்றது உண்மையிலேயே கடும் குற்றம்தான். 2025 அக்டோபரில் தினா போலுவார்டே 122 வாக்குகளில். காரணம் தெளிவாக எழுதப்படாவிட்டால் கருவி அரசியல் பேரத்துக்குப் போய்விடும்.

நடுவழி வேண்டுமானால் பிரேசில். செனட் விசாரணையைத் தொடங்கியதும் அதிபரின் அதிகாரம் நிறுத்திவைக்கப்படும், ஆனால் 180 நாட்களுக்கு மட்டும். அதற்குள் முடியாவிட்டால் அவர் பதவிக்குத் திரும்புவார், விசாரணை தொடரும். இழுத்தடிப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் செலவு வைக்கும் ஏற்பாடு இது. 2016இல் டில்மா ரூசெஃப் மே 12 அன்று நிறுத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 31 அன்று 61க்கு 20 என்று நீக்கப்பட்டார். பதவித் தடைக்கான தனி வாக்கில் 42தான் விழுந்தது, 54 தேவைப்பட்டதால் தடை இல்லை. வரவுசெலவுக் கணக்கு முறைகேடு நீக்கும் அளவுக்குக் கனமா என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. தீர்ப்பைச் செனட்டர்களிடம் விட்டதன் விலை அது.

புதுக்கடை

தம்பியின் சந்தேகத்துக்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது, ஆனால் அது நீதித்துறையின் பக்கம். பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 பேர் கையொப்பமிட்டார்கள். விசாரித்தது 11 பேர் கொண்ட தெரிவுக்குழு, அதில் 7 பேர் ஆளுங்கட்சி. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியேறிய பின் சாட்சிகளை அழைத்து உடனடியாக அறிக்கையை முடித்தார்கள். அப்படிக் குற்றம் காணும் அதிகாரம் நிலையியற் கட்டளையால் (நாடாளுமன்றம் தனக்கென வகுத்த நடைமுறை விதி) வராது, சட்டத்தால்தான் வர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜனவரி 7 அன்று அறிக்கையை ரத்துச் செய்தது. 11ஆம் திகதி நாடாளுமன்றம் அதைப் பொருட்படுத்தாமல் 155க்கு 49 என்று நிறைவேற்றியது. இரண்டு நாளில் அவர் நீக்கப்பட்டார்.

ஆகையால் உங்கள் குறிப்பில் வாக்கு எண்ணிக்கையைக் குறைப்பதை எழுத வேண்டாம், அது ஆபத்து. அனுப்புவதற்கான 150 அப்படியே இருக்கட்டும். நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன பிறகு தேவைப்படும் இரண்டாவது 150ஐ எடுத்துவிடலாமா என்று விவாதியுங்கள். சபாநாயகருக்கு நாட்கணக்கில் கெடு, நீதிமன்றத்துக்கு மாதக்கணக்கில் கெடு, முதல் 150 வாக்கு விழுந்ததும் அதிகாரத்தை நிறுத்திவைத்தல், அதற்கு ஓர் உச்ச வரம்பு, இவற்றை வரிசையாக வையுங்கள். பதில் ஜனாதிபதி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முக்கியமாக, நீதியரசர் வெற்றிடங்களை நிரப்பும் பொறுப்பை அவர் தள்ளிப்போட முடியாதபடி, அரசியலமைப்புப் பேரவை அங்கீகரித்த பெயர் இத்தனை நாளில் தானாகவே நியமனமாகும் என்ற வாசகம் தேவை. கொரியாவில் ஏப்ரல் 18 அன்று இன்னும் 2 நீதிபதிகளின் காலம் முடிய இருந்தது. அதற்குள் தீர்ப்பு வந்திராவிட்டால், ஆள் போதாத நீதிமன்றத்தில் அந்த வழக்கு நின்றிருக்கக்கூடும்.